விருந்தாளிக்குக் கம்புத் தண்ணீர்

முதலில் மோதிரத்தைக் கழற்றுகிறார். அடுத்தது கைக்கடிகாரம். அடுத்தது சட்டைப் பையில் இருக்கும் பேனா, சாவி, பாதி கடித்த கோலாக் கொட்டை. எல்லாவற்றையும் ஒரு காலித் தக்காளி டப்பாவில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, பார்னபே தோயே உடுத்திக்கொள்ளத் தொடங்குகிறார். கழுத்துவரை மூடும் தோல் அங்கி. வெல்டிங் பட்டறையில் வாங்கி, கறுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு ஒளிபுகும் பிளாஸ்டிக் பொருத்திய தலைக்கவசம். கைகளில் இரண்டடுக்கு உறை: உள்ளே தோல், வெளியே வெள்ளைப் பருத்தி. வாகடூகுவில் ஏப்ரல் மாதப் பிற்பகல். பல்லிகள்கூடச் சுவரில் ஒட்டாமல் நிழல் தேடி ஓடும் நேரம். இத்தனை ஏற்பாடும் எதற்கு என்றால், முழங்கை நீளமுள்ள ஒரு கண்ணாடி விளக்கைத் தொட்டு எடுத்து மாட்டுவதற்கு.

இதே தோயேதான் வேலை முடிந்ததும், முன்விளக்கு உடைந்த மொபெட்டில், செருப்பில்லாத காலோடு, லாரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வீட்டுக்குப் போகிறவர். "ஒரு லைட்டப் போட்டுக்கயேன்யா" என்று யாராவது சொன்னால், "ஊருக்கே வெளிச்சம் போடுறவன் நான், எனக்கு எதுக்கு?" என்பார். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. லாரிக்காரர்களுக்கும் அது தெரிந்திருந்தால் நல்லது.

நகரத்தின் குங்கின் என்னும் வட்டாரத்தில் கூரையில்லாத திரையரங்கு ஒன்று உண்டு: சினே லாஃபி. வெள்ளையடித்த சுவர்தான் திரை. இரும்பு நாற்காலிகள். பின்னால் படியேறிப் போனால் கோழிக்கூண்டைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் அறை. அதில் தோயேவும் படம் காட்டும் இயந்திரமும் குடித்தனம் நடத்துகிறார்கள். இயந்திரம் லியோனில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, கப்பலேறி, அபிஜானில் இறங்கி, லாரியில் இங்கே வந்து சேர்ந்தது. வழியில் எங்கேயோ அதன் பின்கதவு தொலைந்துபோனது. தோயே கொல்லரிடம் சொல்லி எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தில் ஒரு கதவு செய்துகொண்டார். பீப்பாயில் அச்சிட்டிருந்த பனைமரத்தில் பாதி அதில் இன்றும் தெரிகிறது. விளக்கின் சூட்டை வெளியேற்றும் குழாயும் அதே பீப்பாய்தான். அது சுவரைத் துளைத்துக்கொண்டு முற்றத்தின் பக்கம் திறக்கிறது. குழாயின் வாய்க்கு நேர் கீழே திபோகோ அடுப்பு வைத்துக் காராமணி உருண்டை பொரிக்கிறாள்.

ஊருக்கெல்லாம் படம் காட்டும் தோயே இதுவரை ஒரு படத்தையும் பார்த்ததில்லை. சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இயந்திரத்தின் தகரக் கதவையே பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அபிப்பிராயம் கேட்டால் தயங்காமல் சொல்வார். "அருமையான படம். பூராவும் பாலைவனம். வெளிச்சம் ஒரு சொட்டு வீண் போகல." பனி விழும் படங்கள் அவருக்குக் காவியம். இருட்டுக் காட்டில் நடக்கும் படங்களை மன்னிக்கவே மாட்டார். "ராத்திரியக் காட்டுறதுக்கு எதுக்குய்யா விளக்கு? கண்ண மூடிக்கிட்டா வீட்லயே பாத்துக்கலாமே?"

விளக்குக்குள் இருப்பது செனான். காற்றில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாத வாயு. நாம் எல்லோரும் ஒவ்வொரு மூச்சிலும் அதைத் துளித்துளியாக உள்ளே இழுத்து, இழுத்தது தெரியாமலே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பாடப்புத்தகம் அதை உயர்குடி வாயு என்கிறது. காரணம், எதனோடும் ஒட்டாது, யார் வீட்டோடும் சம்பந்தம் வைத்துக்கொள்ளாது. வேண்டிய அளவு நெருக்கினால் ஒன்றிரண்டு இடங்களில் சம்பந்தம் செய்துகொள்ளும் என்று பிற்பாடு தெரியவந்தது. உயர்குடி என்றால் அப்படித்தான்.

அதன் பெயருக்குக் கிரேக்க மொழியில் அந்நியன் என்று பொருள். இயந்திரத்தைப் பொருத்த வந்த லெபனான்காரர் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். தோயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் அந்நியனுக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல்தான். வாசலுக்கு வந்துவிட்டவனிடம் பேரும் சேதியும் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆகவே புது விளக்கு வந்து இறங்கும் நாளில், தோயே சுரைக்குடுவைக் கிண்ணத்தில் கம்புமாவு கரைத்து, இஞ்சி தட்டிப்போட்டு, அதன் முன்னால் வைக்கிறார். கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். பிறகு தானே எடுத்துக் குடிக்கிறார்.

"விளக்கு தண்ணி குடிக்குமாய்யா?" என்று கேட்டேன்.

"குடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? குடுக்குறது நம்ம மரியாத. வேணாம்னு இருக்குறது அவரு மரியாத."

விருந்தாளியின் பெருமையைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவர் பேசும்போது கேட்க வேண்டும். "சும்மா சினிமாக்காரர்னு நெனக்காதீங்க. ஆசுபத்திரியில ஆள மயக்கிப் படுக்க வைப்பாரு, எந்திரிச்சா தலைவலிகூட இருக்காது. போட்டோக்காரன் பளிச்சுன்னு ஒண்ணு அடிக்கிறானே, அதுக்குள்ள இவருதான். பெரிய காருங்களுக்கு முன்னால ஒக்காந்து வழி காட்டுறதும் இவருதான். வானத்துல சுத்துதே செயற்கைக்கோள், அதப் பின்னாலேருந்து தள்ளிவிடுறது யாருன்னு நெனச்சீங்க?" வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன், தலைவலியைத் தவிர மற்றதெல்லாம் சரியாகவே இருந்தது. கார்களுக்கு மட்டும் இப்போது வேறு விளக்குகள் வந்துவிட்டன. அதைச் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

என்னோடு அவர் கோபித்துக்கொள்ளலாம். நான் போபோ இனம். திபோகோவோடு அவர் கோபித்துக்கொள்ள முடியாது.

தோயே சாமோ இனத்தவர். திபோகோ மொஸ்ஸிக்காரி. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கேலி உறவு. என்றோ நடந்த சண்டையின் முடிவில் மூதாதையர் செய்துகொண்ட ஏற்பாடு என்கிறார்கள். சண்டை எதற்கு என்பது மறந்துவிட்டது, வசவு மட்டும் பத்திரமாக இருக்கிறது: சாமோக்காரர்கள் நாய்த்தலை தின்பவர்கள் என்பது அதில் முதலாவது. ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். புதிதாக ஒரு பொருள் வந்தால் பிடித்து வைத்துக்கொண்டு மீட்புக் கூலி கேட்கலாம். கோபம் மட்டும் வரக் கூடாது. கோபப்பட்டவன் தோற்றவன், பதில் சொல்ல முடியாமல் வாயடைத்தவனும் தோற்றவன். இந்த விளையாட்டில் தோயே ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்பது அவர் கணக்கு. திபோகோவும் அதையேதான் சொல்கிறாள்.

"வந்துட்டான்யா நாய்த்தல தின்னி! தெருவுல ஒரு நாயக் காணோம் பாரு, எல்லாம் மோப்பம் புடிச்சு ஓடிருச்சு."

"எங்க தாத்தா உங்க தாத்தாவ ஒரு கூடை வேர்க்கடலைக்கு வாங்குனாரு. ஏமாந்துட்டோம்னு வீட்ல இன்னும் பொலம்புறாங்க. எங்கடி என் உருண்டை?"

"குதிரையில வந்த பரம்பரைடா நாங்க!"

"குதிரை வந்துச்சு. நீங்க பின்னாலயே சாணி பொறுக்கிக்கிட்டு வந்தீங்க."

இதற்கு நடுவில் உருண்டைகள் பொட்டலமாகிக் கைமாறிவிடும். மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிட இரண்டு கூடுதலாகவே இருக்கும். விருந்தாளி எந்த இனம் என்பதிலும் தகராறு உண்டு. யாரோடும் சேராமல் தனியாக நின்று பிரகாசிப்பதால் சாமோதான் என்பது தோயேவின் கட்சி. "உயர்குடின்னு புஸ்தகத்துலயே போட்டிருக்குன்னா எங்காளுதான். உங்க பக்கம் ராசாவே கெடையாதே, உயர்குடி எங்கேருந்து வரும்?" என்பாள் திபோகோ.

போன ஏப்ரலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய மாதம், படம் பாதியில் இருக்கும்போது விளக்கு உயிரை விட்டது. சுவர் இருண்டது. ஜனங்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்கள், வாங்கியும்விட்டார்கள். முதலாளி நிக்கியேமா அமைதியான மனிதர், அமைதியாகவே சொன்னார். "இன்னொரு தடவ இந்தச் சுவரு இருட்டாச்சுன்னா நாற்காலிய எடுத்துட்டு மேசை போட்டுருவேன். கோழி சுட்டு வித்துட்டு, டிவியில பந்தாட்டம் காட்டிக்கிறேன். கோழிக்கு உன் விருந்தாளி வேண்டியதில்ல."

"அப்ப நான்?"

"நீ கோழி வெட்டு."

புது விளக்கு அபிஜானிலிருந்து வந்து சேர்ந்தது. ஒன்றே ஒன்று. அன்று சனிக்கிழமை, புதுப்படம். எங்கள் வட்டாரத்துச் சந்தையில் எடுத்த படம் என்பதால் குங்கின் பெண்களில் பாதிப்பேர் அதில் கூட்டமாக நின்றிருந்தார்கள். திபோகோ ஒரு காட்சியில் உருண்டை பொரிக்கிறாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு, பேசியவள் அவள்தான்.

விருந்தாளியைப் பார்க்க நானும் மேலே போயிருந்தேன். தோயே விளக்கின் பிளாஸ்டிக் கூட்டை நீக்கி, மடித்த துணிமேல் அதைப் படுக்கவைத்தார். முன்னால் கம்புத் தண்ணீர். காத்திருக்க வேண்டிய நேரம் காத்திருந்துவிட்டு, கவசத்தை நெற்றிக்கு மேலே தூக்கிக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார். பாதி குடித்திருப்பார். படியில் செருப்புச் சத்தம். திபோகோ உள்ளே வந்தாள். மாவும் எண்ணெயும் மினுங்கும் கைகளால் விளக்கைப் பச்சைப்பிள்ளையைப் போல அள்ளித் தூக்கிக்கொண்டாள்.

"புடிச்சுட்டேன்! உன் விருந்தாளி இப்ப என் கைதி. ஒரு கோழி குடுத்து மீட்டுக்கோ!"

விதிப்படி அவளுக்கு உரிமை உண்டு. அவருடைய புதுத் தொப்பியை, மொபெட்டின் புது இருக்கையை இப்படித்தான் பிடித்து வைத்திருந்தாள். அவரும் ஒருமுறை அவளுடைய புதுக் கரண்டியைப் பிடித்து, வயிறு நிறைந்த பிறகே விடுவித்தார். ஆனால் தொப்பிக்குள் காற்றை நெருக்கி அடைத்திருப்பதில்லை. இந்த விளக்குக்குள் செனான், லாரி டயரில் இருக்கும் காற்றைவிட நெருக்கமாக அடைபட்டிருக்கிறது. கைநழுவினால் அறை முழுக்கக் கண்ணாடிக் கத்தி. நழுவாவிட்டாலும் வினை தீராது: விரலின் கொழுப்பு பட்ட இடம், விளக்குச் சூடேறும்போது வெந்து பலவீனமாகி, அங்கிருந்து வெடிக்கலாம்.

தோயே கிண்ணத்தைக் கீழே வைத்தார். முகம் திறந்திருந்தது. கவசத்தை இறக்க அவர் கையைத் தூக்கவில்லை.

"கோழியா?" என்றார், பிள்ளையைத் தூங்கவைக்கும் குரலில். "உன் மூஞ்சிக்கு ஒரு முட்டையே அதிகம்டி."

"ரெண்டு கோழி!"

"சரி, ரெண்டு. அவர மெதுவாப் படுக்க வையி. உங்க குதிரை குட்டி போட்டா எப்படிப் புடிப்ப, அந்த மாதிரி."

"என்னய்யா இது, சத்தமாத் திட்டு. சொகமே இல்ல."

"தொண்ட வெந்துருச்சு. மத்தியானம் தின்ன நாய்த்தல ரொம்பச் சூடு."

அவள் குலுங்கிச் சிரித்தாள். விளக்கும் குலுங்கியது. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

"சிரிக்காதடி, பல்லு கொட்டிரும், அப்புறம் யாரு பொறுக்குறது... ஆங், அப்படித்தான். துணிமேல. தலப்பக்கம் மொதல்ல. இப்பக் கையை எடு, சாணி பொறுக்கி. மெதுவா. ஆங்."

விளக்கு துணியில் படுத்தது. இரண்டு கோழியை வென்ற திபோகோ, கீழே இருந்தவர்களுக்கெல்லாம் சேதி சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனாள். தோயே தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியில் பத்து விரலும் பதிந்திருந்தது.

துணியைச் சாராயத்தில் நனைத்துத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேறு துணி எடுத்துத் துடைத்தார். மறுபடியும் பார்த்தார். சாராயம் தீரும்வரை துடைத்தார்.

"போயிருச்சா?" என்றேன்.

"என் கண்ணுக்குப் போயிருச்சு. சூட்டோட கண்ணுக்குப் போச்சான்னு ஏத்துனாத்தான் தெரியும்." அவர் பார்வை குழாயின் பக்கம் போனது. "வெடிச்சா கண்ணாடி அந்த வழியாத்தான் போகும்."

விளக்கை மாட்டித் தகரக் கதவைச் சாத்தினார். உறைகளைக் கழற்றினார். அங்கியோடும் கவசத்தோடும் கீழே இறங்கி, அடுப்புக்கு முன்னால் போய் நின்றார். முற்றம் நிறைந்திருந்தது. வாசலில் நிக்கியேமா கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"திபோகோ, இன்னைக்கு மட்டும் அடுப்ப அந்த மூலைக்கு மாத்திக்கோ. நெசமாத்தான் சொல்றேன்."

அவள் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். "கேட்டீங்களா? நெசமாவாம்! சாமோக்காரன் வாயிலேருந்து நெசம் வருதாம்!"

"விளக்கு வெடிச்சாலும் வெடிக்கும்."

"வெடிக்கட்டும். நாய்க்கறி கருகுன வாசன வந்தா, நீ செத்துட்டேன்னு தெரிஞ்சுக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. தோயே வேறு வழியில் போய்ப் பார்த்தார். "சரி, இங்கயே கெட. ஒரு அடி நகந்தாலும் நான் உங்க வீட்டு அடிமை."

"அந்த வித்தையெல்லாம் எங்கிட்ட வேணாம்டா. நான் சினிமாவுல வர்றேன். இங்கேருந்து பாத்தாத்தான் சுவத்துல நான் நல்லாத் தெரிவேன். போ, போய்ப் படத்தப் போடு." பலகையை இழுத்துப் போட்டு, முன்னைவிட அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.

நான் அவளிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். இப்படிப் பேசத் தோயே உனக்கு எத்தனை கோழி தருவதாகச் சொன்னான் என்று என்னைக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒரு நிஜமான வாக்கியம்கூடப் பேசிக்கொண்டதில்லை. இப்போது அவசரத்துக்கு ஒன்று தேவைப்பட்டபோது, அது உள்ளே போகக் கதவே இல்லை.

தோயே தலையிலிருந்த கவசத்தைக் கழற்றினார்.

"அப்படின்னா இந்த மூஞ்சிய மூடிக்கிட்டாவது உக்காரு. சினிமாவுல ஒரு தடவ பாக்குறதே ஜனங்களுக்குச் சோதனை. நேர்லயும் பாத்தாங்கன்னா மறுபடியும் டிக்கெட் காசத் திருப்பிக் கேப்பாங்க." கவசத்தை அவள் தலையில் கவிழ்த்தார். முற்றம் அதிர்ந்தது. தோல் அங்கியையும் கழற்றி அவள் தோளில் போர்த்தினார். "ராசா வீட்டுப் பொண்ணுக்குப் பட்டாடை!"

கழற்றி எறிந்தால் தோல்வி. திபோகோ கரண்டியை எடுத்து அடுத்த ஈடு உருண்டையை எண்ணெயில் விட்டாள். "கழட்டுவேன்னு பாத்தியா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல வந்தது. "படம் முடியிற வரைக்கும் போட்டிருப்பேன்டா!"

"பாப்போம், பாப்போம்," என்றார் தோயே. "மானமுள்ளவ முடியிற வரைக்கும் கழட்ட மாட்டா."

மேலே ஏறினார். பின்னால் போன என்னிடம், "நீங்க கீழ போயி உருண்டை தின்னுங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய ஓலைத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒருகாலத்தில் திபோகோ பிடித்து வைத்திருந்த அதே தொப்பி. நான் படியில் பாதியில் நின்றுகொண்டேன். திறந்த கதவு வழியாக அவர் தெரிந்தார். தகரக் கதவின் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். தொப்பியின் விளிம்பைக் கண்வரை இழுத்துவிட்டார். விசையை அழுத்தினார்.

டக்.

சுவரில் வெளிச்சம் விழுந்தது. கீழே கைதட்டல். தோயே அசையவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, வழக்கம்போலச் சுவருக்கு முதுகைக் காட்டி, தகரக் கதவுக்கு எதிரே, வெறும் முகத்தோடு உட்கார்ந்தார். விசிறி ஓடியது. வியர்வை அவர் தாடையிலிருந்து சொட்டியது. படத்தில் யாரோ கல்யாணம் செய்துகொண்டார்கள், யாரோ பேருந்தைத் தவறவிட்டார்கள். அப்புறம் சந்தை வந்தது. பட்டப்பகல் வெயில், அவருக்குப் பிடித்த மாதிரியான காட்சி. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கரண்டி, அதற்குப் பின்னால் திபோகோவின் சிரிப்பு. குங்கினே எழுந்து நின்று கத்தியது.

"யோவ், நாய்த்தின்னி!" கவசத்துக்குள்ளிருந்து குரல் மேலே ஏறி வந்தது. "பாத்தியா என்னைய? எப்படி இருந்தேன், சொல்லு!"

தோயே தொப்பியின் விளிம்பை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டார்.

"பதிலக் காணோம்! தோத்துட்டான்! எல்லாரும் சாட்சி, சாமோக்காரன் தோத்துட்டான்!"

தகரக் கதவிலிருந்து கண்ணை எடுக்காமலே, தோயே கையை நீட்டித் தரையில் தடவி, விருந்தாளிக்கு வைத்துப் பாதியில் நின்றிருந்த கம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.